ஒரே மடக்கில் ஒரு கிண்ணம்

மகள் கையடக்கம் போன வாரம் போட்ட குண்டு இன்னும் வெடிக்காமல் வீட்டு நடுவில் கிடந்தது.

"ஞாயித்துக்கிழமை ஒருத்தரைச் சாப்பிடக் கூட்டிட்டு வரேன். பிடிச்சிருந்தா சொல்லுங்க. பிடிக்கலைன்னாலும் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் அவர் போனதுக்கப்புறம் சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார் என்பது மறுநாள் தெரியவந்தது. இவள் வேலை பார்க்கும் ரத்த வங்கிக்கு அந்த வண்டி அடிக்கடி வரும் என்பது அதற்கும் மறுநாள். அவளிடமிருந்து செய்தி எப்போதும் தவணை முறையில்தான் வரும்.

கையடக்கம் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் அப்பா. ஆள் குள்ளம், ஆனால் உள்ளே எல்லாம் இருக்கும். அப்பாவுக்குப் பெயர் வைத்தது தெரு. அகராதியார். ஆங்கிலம் படிக்கிறவர்களுக்காக அவர் தனியாளாக ஓர் ஆங்கில–தமிழ் அகராதி எழுதிக்கொண்டிருந்தார். அகராதி பிடித்தவர் என்றால் பேச்சில் வேறு அர்த்தம் உண்டு. அவர் மனைவிக்கு அந்த அர்த்தத்தின் மேல் தனிப் பிரியம்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு வினைச்சொல் அகராதிக்குள் போக வேண்டுமானால் முதலில் சாப்பாட்டு மேசையில் நடந்து காட்ட வேண்டும். வீட்டில் யாராவது நிஜமாகச் செய்தால்தான் அது உதாரண வாக்கியம். யாரும் செய்யாததை எழுதினால் ஜோடனை என்பார் அகராதியார்.

அதனால் அச்சாகப்போகும் அந்தப் புத்தகத்துக்குள் குடும்பமே குடியேறியிருந்தது. கதவை அறைபவள் மகள். கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடுபவர் அவர். பெருமூச்சு விடுபவள் மனைவி. பெருமூச்சுக்கு மட்டும் மூன்று வாக்கியங்கள்.

ஜி எழுத்து திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை மட்டும் நின்றது. ஜி, யு, எல், பி.

கல்ப்.

"வேகமா விழுங்கறதுன்னு எழுதிட்டுக் குளிக்கப் போங்க" என்றாள் மனைவி. ஞாயிறு காலை. அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். வீட்டிலும் அதே உத்தியோகம்தான்.

"எதை விழுங்கறது? எப்படி விழுங்கறது? அதைச் சொல்லாம வேகம்னு மட்டும் எழுதினா, மாத்திரை விழுங்கறவனும் அதுல வந்துடுவான்."

"வரட்டுமே."

"கூடாது. இது வாய் நிறைய, பெரிசு பெரிசா. பெரும்பாலும் குடிக்கற விஷயம். திங்கறதுக்கும் சொல்லலாம், ஆனா மெல்லாம விழுங்கணும். கூட டவுன் சேர்த்துட்டா, உள்ளே போனதுக்கப்புறம் கிண்ணத்துல ஒண்ணும் மிஞ்சக் கூடாது."

"மடக்மடக்குனு குடிக்கிறது. அவ்வளவுதானே? அப்படியே போடுங்க."

"அது சத்தம். அர்த்தம் இல்ல."

"சத்தம் இல்லாம எவன் விழுங்கறான்?"

அகராதியார் எழுந்தார். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தம் பிடித்துக் குடித்துக் காட்டினார். மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இது மருந்து குடிக்கிறது."

"அப்பா, பூனைகூட உங்களைவிட வேகமாக் குடிக்கும்" என்றாள் கையடக்கம், தலையைத் துவட்டிக்கொண்டே.

சிக்கல் அதுதான். அந்த வீட்டில் யாருக்கும் வேகமாகச் சாப்பிடத் தெரியாது. மூவரும் சாப்பிட உட்கார்ந்து எழுவதற்குள் எதிர்வீட்டில் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். ஒரு வாரமாக மேசையில் ஒத்திகை. ஒரு மடக்கு தேறவில்லை.

"பயந்து போனா வெறும் வாயோட விழுங்குவோமே, தொண்டை ஏறி இறங்குமே, அதுவும் கல்ப் தானே?" என்றாள் மனைவி.

"அதுவும்தான். அதுக்கும் ஒரு வாக்கியம் வேணும். ஆனா இந்த வீட்ல யார் யாருக்குப் பயப்படறாங்க?"

"நீங்க எனக்கு."

"அது பழகிப் போச்சு. விழுங்கற அளவுக்கெல்லாம் இல்ல."

கையடக்கம் துண்டை நாற்காலியில் போட்டாள். "அப்பா. இன்னிக்கு மேசைக்குச் சீட்டு, பேனா எதுவும் வரக் கூடாது."

"வராது."

"சட்டைப் பையில?"

"பை மேசையில சேர்த்தி இல்லையே."

"அப்பா!"

பையிலிருந்த சீட்டுக்கட்டை எடுத்து அலமாரியில் வைத்தார். காதில் செருகியிருந்த பென்சில் அவருக்கும் நினைவில் இல்லை, அவளும் கவனிக்கவில்லை.

ஓட்டுநர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். சைக்கிளில் வந்தார். வாசலில் நிறுத்தும்போது அதை ஒரு வட்டம் திருப்பி, முன்சக்கரம் தெருவைப் பார்க்கும்படி நிறுத்தினார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அகராதியாருக்கு அது பிடித்துப்போனது. எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

நெடுநெடுவென்ற உயரம். கதவு நிலைக்குத் தலையைக் குனிந்து, நிமிர்ந்து, செருப்பை எங்கே விடுவது என்று தேடி, கடைசியில் கையடக்கத்தின் செருப்புக்குப் பக்கத்தில் விட்டார்.

"வணக்கம் மாமா."

அந்த மாமா, அவர் போட்டிருந்த சட்டையைப் போலவே, இஸ்திரி மடிப்போடு விறைப்பாக இருந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அவள் கதவுக்குப் பின்னால் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. உக்காருங்க."

மேசையில் காய்கறி சூப், ரொட்டி, அவித்த முட்டை. சூப் அடுப்பிலிருந்து நேராக வந்தது. கிண்ணத்தில் ஆவி பறந்தது.

ஓட்டுநர் கரண்டியில் பாதி எடுத்தார். ஊதினார். குடித்தார். கரண்டியைக் கீழே வைத்தார். கையடக்கத்தைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே சரி என்றாள். மறுபடி பாதிக் கரண்டி. மறுபடி கீழே. பரீட்சை எழுதுபவர் மாதிரி இருந்தது.

பேச்சு நன்றாகத்தான் போனது. வண்டியில் எது கஷ்டம் என்று மனைவி கேட்டாள். ஓட்டுவது கஷ்டமில்லை, வழி விடாதவர்களைத் திட்டாமல் இருப்பதுதான் கஷ்டம் என்றார் அவர். மனைவி சிரித்தாள். அவள் அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் சிரிப்பவள் இல்லை. கையடக்கத்தின் தோள் சற்றுத் தளர்ந்தது.

அப்போது தெருக்கோடியில் ஒரு சைரன் கேட்டது.

அவருடைய வண்டி இல்லை. அன்று பகலில் அவருக்கு வேலையும் இல்லை. ஆனால் அதெல்லாம் கைக்குத் தெரியாதே. கரண்டி கீழே விழுந்தது. இரண்டு கைகளும் கிண்ணத்தைத் தூக்கின. தலை பின்னால் சாய்ந்தது. தொண்டை ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை ஏறி இறங்கியது. கிண்ணம் மேசைக்குத் திரும்பியபோது அதில் ஆவி மட்டும்தான் மிச்சம். நாற்காலியும் பின்னால் நகர்ந்திருந்தது. அவர் பாதி எழுந்திருந்தார்.

சைரன் தேய்ந்து போனது. அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"கல்ப்!" என்றார் அகராதியார்.

குரல் அவருடையதுதான். அடக்க முடியவில்லை. ஒரு வாரமாகத் தேடிய சொல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா? பாத்தியா? இதுதான்! மெல்லல, ஊதல, நிறுத்தல!"

மனைவியும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "ரெண்டு மடக்கா, மூணு மடக்கா?"

"மூணு. இல்ல, கடைசியில ஒண்ணு சின்னது."

"சத்தம் கேட்டுதா? நான் சொன்ன சத்தம்தானே?"

"அப்பா" என்றாள் கையடக்கம்.

அவர் காதில் விழவில்லை. காதில் பென்சில்தான் இருந்தது. அதை உருவி, காகிதக் கைக்குட்டையில் எழுதினார். பிறகு தானே அகப்பையை எடுத்து, ஓட்டுநரின் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினார்.

"தம்பி, சிரமம் இல்லைன்னா இன்னொரு தடவை."

ஓட்டுநர் கிண்ணத்தைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். யாரையும் பார்க்காமல் சிரித்தார்.

"போதும் சார்."

பிறகு அவர் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சாப்பிட்டார். ஒவ்வொரு துண்டையும் வெகுநேரம் மென்றார். அந்த வீட்டு மனிதர்களே தோற்றுவிடும் அளவுக்கு மெதுவாக. பாதித் தட்டில் நிறுத்திக்கொண்டு, சாயங்காலம் டியூட்டி இருக்கிறது என்று எழுந்தார். சைக்கிள் ஏற்கெனவே தெருவைப் பார்த்துத்தான் நின்றது. கிளம்ப அதிக நேரம் ஆகவில்லை.

கையடக்கம் வாசலிலிருந்து உள்ளே வந்தாள். தன் அறைக்குப் போனாள். கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்தினாள்.

அகராதியார் எழுந்து கதவருகே போனார். அந்தக் கதவுக்கு மெதுவாகச் சாத்தப்படும் வழக்கமே இல்லை.

"என்னம்மா ஆச்சு?" என்றார் கதவிடம்.

கதவு பேசியது.

"மெதுவா சாப்பிடப் பழகினார்ப்பா."

"யாரு?"

"அவர்தான். இங்க வர்றதுக்காக. கேன்டீன்ல தினமும் நான் எதிர்ல உக்காந்துப்பேன். கரண்டியைக் கீழ வை, ஊது, எடுன்னு. எங்க வீட்ல எல்லாரும் மெதுவா சாப்பிடுவாங்க, நீங்க அள்ளிக் கொட்டிட்டு உக்காந்திருந்தா நல்லா இருக்காதுன்னு நான்தான் சொன்னேன். வண்டியில எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியாது. வாயில வச்சதை வச்சபடி ஓடணும். அந்தப் பழக்கம்."

அகராதியார் கதவருகிலேயே நின்றார்.

"முன்னாடி அவருக்கு ஒரு வீட்ல பேசினாங்க. பந்தியில இவர் சாப்பிடறதைப் பாத்துட்டு, ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்களாம். அதோட முடிஞ்சுது. எங்க வீட்ல அப்படி யாரும் இல்லைன்னு சொன்னேன். எங்கப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும், தமிழ் தெரியும், மனுஷங்களையும் தெரியும்னு சொன்னேன்."

அகராதியார் சமையலறைக்குப் போனார்.

சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவாமல் குழாயை மட்டும் திறந்து விட்டிருந்தாள்.

"வார்த்தைக்கு ஆள் தேடலாம். வீட்டுக்கு வந்த பிள்ளையையா பிடிச்சு நிறுத்தறது?" என்றாள்.

"நீயும்தான் மடக்கு எண்ணினே."

"ஆமா. எண்ணினேன்." குழாயை மூடினாள். "அதைத்தான் எனக்கே சொல்லிக்கறேன்."

அகராதியார் சட்டையை மாற்றினார். அலமாரியிலிருந்த சீட்டுக்கட்டைப் பார்த்தார். ஒன்றை மட்டும் உருவிப் பையில் வைத்தார், வெற்றுச் சீட்டு.

"நானும் வரேன்" என்றாள் மனைவி.

"வேண்டாம். தப்பு என்னோடது. உன் பங்குக்கு நீ தனியா வந்து மன்னிப்புக் கேளு."

ஆம்புலன்ஸ் நிலையம் மருத்துவமனையின் பின்பக்கம் இருந்தது. தகரக் கூரையின் கீழ் இரண்டு வண்டிகள். இரண்டும் சாலையைப் பார்த்து நின்றன. ஒன்றின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ குழாய்த் தண்ணீர் பீய்ச்சித் தரையைத் தேய்க்கும் சத்தம். நீண்ட கால் ஒன்று மட்டும் வெளியே தெரிந்தது.

பக்கத்தில் ஓர் அறை. ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு தொலைபேசி, மூலையில் தேநீர்க் கெண்டி. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, வண்டியில் கூடப்போகும் உதவியாளர்களின் நீலச் சீருடையில், துணிச் சுருளைக் கட்டுத்துணியாகக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரைப் பாக்கணும்?"

அகராதியார் வண்டிப் பக்கம் கையைக் காட்டினார்.

"கழுவி முடிக்கட்டும். உக்காருங்க. உடம்புக்கா?"

"இல்ல. மதியம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தார்."

கத்தரிக்கோல் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. "ஓ. அகராதி வீடு."

"சொன்னாரா?"

"சொல்லல. வந்து வண்டியைக் கழுவ ஆரம்பிச்சுட்டான். காலையிலதான் கழுவினது. அதான் கேட்டேன்."

அவள் மெதுவாக விசாரித்தாள். வீட்டில் எத்தனை பேர், யார் சமைப்பது, பொண்ணு எப்படி. அகராதியார் குற்ற உணர்ச்சியில் இருந்தார். குற்ற உணர்ச்சி அவரைப் பேச வைக்கும். எல்லாவற்றையும் சொன்னார். சாப்பாட்டு மேசைச் சட்டம், மகள் கதவை அறைவது, மனைவியின் மூன்று பெருமூச்சு, ஒரு வாரமாகத் தேறாத மடக்கு.

"அவன் சாப்பிடறதைப் பாத்துச் சிரிச்சீங்களோ?"

"சிரிக்கல. சந்தோஷப்பட்டேன்."

"எதிர்ல உக்காந்து சாப்பிடறவனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

அகராதியார் வண்டிக்கு வெளியே தெரிந்த நீண்ட காலைப் பார்த்தார்.

ஓட்டுநர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். அவரைப் பார்த்ததும் நின்றார்.

"சார்? என்ன சார் இவ்வளவு தூரம்?"

சார். வழி நெடுக அகராதியார் தயாரித்து வைத்திருந்த வாக்கியம், அந்த ஒற்றைச் சொல்லில் குலைந்துவிட்டது.

"மன்னிப்புக் கேக்க வந்தேன், தம்பி."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். டீ குடிக்கறீங்களா?"

கெண்டியிலிருந்து மூன்று கிளாஸில் ஊற்றினார். தளதளவென்று கொதி. ஒன்றை அவரிடம் நீட்டினார். தன்னுடையதைத் தொடாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தார். அதுவும் அகராதியாருக்கு வலித்தது. தன் எதிரில் குடிக்க மாட்டார் போல.

"ஒண்ணு சொல்லணும். அந்தப் புத்தகத்துல நாங்க மூணு பேர்தான் இருக்கோம். வெளியாள் ஒருத்தர்கூட இல்ல. யாரையும் எழுதினதில்ல. இன்னிக்கு உங்களைப் பாத்ததும் கை தானா எழுதிடுச்சு."

ஓட்டுநர் தரையைப் பார்த்தார்.

"போனதுக்கப்புறம்தான் சொல்லணும்னு எங்க பொண்ணு சொல்லியிருந்தா. நான் நீங்க இருக்கும்போதே சொல்லிட்டேன். சொன்ன விதம் தப்பு. பிடிச்சிருந்தா எப்படிச் சொல்றதுன்னு எனக்கு எந்த வார்த்தையும் வரல. அந்த வார்த்தைதான் வந்துது."

"டீ ஆறிடும் சார்."

அகராதியார் கிளாஸைப் பார்த்தார். விளிம்பு விரலைச் சுட்டது.

"எங்க வீட்டுச் சட்டம் என்ன தெரியுமா? யார் செய்யறாங்களோ அவங்களுக்குத்தான் வாக்கியம். இந்த வாக்கியத்துல நீங்க இருக்க வேண்டாம். நான் இருக்கேன்."

"சார், அது கொதிக்கு..."

தலையைப் பின்னால் சாய்த்து, அப்படியே கவிழ்த்துக்கொண்டார்.

முதல் மடக்கு போனது. எங்கே போனது என்றுதான் தெரியவில்லை. இரண்டாவது மடக்கு போன வழியே திரும்பி வந்தது. மூக்கிலும் வந்தது. கண்ணில் நீர் தெறித்தது. கிளாஸ் ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். தேநீர் இல்லாத இடமே சட்டையில் இல்லை.

அடுத்த கணம் ஒரு பெரிய கை அவர் முதுகில் இருந்தது. இன்னொன்று மார்பைத் தாங்கியது.

"குனிங்க மாமா. முன்னால குனிங்க. இருமுங்க, அடக்காதீங்க. நல்லா இருமுங்க. ஆச்சு, ஆச்சு. மூச்சு விடுங்க. என்ன மாமா நீங்க, சின்னப் பிள்ளையாட்டம்!"

அகராதியார் இருமினார். இருமிக்கொண்டே அந்தச் சொல்லைக் கேட்டார். இஸ்திரி மடிப்பு இல்லை. விறைப்பு இல்லை. சொன்னவருக்கே சொன்னது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

கத்தரிக்கோல் மறுபடி நின்றிருந்தது.

"தண்ணி. இந்தாங்க. மொத்தமா இல்ல, கொஞ்சம் கொஞ்சமா. மெதுவா மாமா, மெதுவா."

அதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். உதடு கோணியது. அகராதியார் சிவந்த கண்களோடு நிமிர்ந்தார்.

"சரியா... பண்ணேனா?"

"இல்ல மாமா" என்றார் ஓட்டுநர். அப்புறம்தான் சிரிப்பு வெடித்தது. "கிளாஸ்ல மிஞ்சக் கூடாதுன்னு உங்க பொண்ணு சொல்லியிருக்கா. உங்களுக்கு எல்லாம் சட்டையில மிஞ்சியிருக்கு."

அகராதியாரும் சிரித்தார். நாக்கு வெந்திருந்ததால் சிரிப்பு பாதிதான் வந்தது. ஓட்டுநர் குனிந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து, தன் சட்டை நுனியில் துடைத்து, அவர் முகத்தில் மாட்டிவிட்டார். காதில் பென்சில் இருந்தது. அதையும் நேராகச் செருகினார்.

சுவரில் தொலைபேசி அலறியது.

ஓட்டுநர் ஒரே எட்டில் எடுத்தார், கேட்டார், வைத்தார். ஜன்னல் விளிம்பில் ஆவி பறந்துகொண்டிருந்த தன் கிளாஸை எடுத்தார். தலை சாய்ந்தது. மடக். மடக். மடக். காலிக் கிளாஸ் விளிம்புக்குத் திரும்பியது. ஒரு சொட்டு வெளியே இல்லை. அகராதியாரைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு ஓடினார்.

எழுதிக்கொள்ளலாம் என்று சொன்ன மாதிரி இருந்தது. அகராதியார் பென்சிலைத் தொடவில்லை.

நீலச் சீருடைக்காரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசலில் திரும்பினாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வரேன். அதே சூப் வைக்கச் சொல்லுங்க."

"வாங்க, தாராளமா வாங்க... நீங்க?"

"சூடா இருக்கணும்" என்றாள். வண்டிக் கதவு அறைந்து மூடிற்று. சைரன் கிளம்பியது.

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். மனைவி அவருடைய சட்டையைப் பார்த்தாள். அவர் சீட்டை மேசையில் வைத்தார். வழியில் தெருவிளக்கின் கீழ் நின்று எழுதியது.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

*கல்ப்: பெரிய மடக்குகளாக அவசரமாக விழுங்கு, மடக்மடக்கென்று குடி. அப்பா கொதிக்கும் தேநீரை ஒரே மடக்கில் குடிக்கப் போய் நாக்கைச் சுட்டுக்கொண்டார்.*

"மடக்மடக்கென்று" என்றாள். மறுபடி படித்தாள். "அது வெறும் சத்தம்னீங்களே?"

"தத்தம்தான்" என்றார். நாக்கு ஒத்துழைக்கவில்லை. "தரியான தத்தம்."

பிழைதிருத்துபவள் பேனாவை எடுத்தாள். திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கையடக்கத்தின் அறைக் கதவு படாரென்று திறந்து சுவரில் அறைந்தது. வீட்டுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

"அப்பா! அவர் போன் பண்ணார். மூக்கு வழியா டீ விட்டீங்களாமே!"

"தப்பாத் தொல்லிட்டார். கொஞ்தம்தான்."

அவள் சிரித்துக்கொண்டே வந்து அவர் தோளில் சாய்ந்தாள். அழுத கண். பேச்சில் மட்டும் ஈரம் இல்லை. "இன்னிக்கு ஐஸ் மட்டும்தான் உங்களுக்கு. பேசாதீங்க." பிறகு நிமிர்ந்தாள். "அங்க வேற யாராவது இருந்தாங்களா? நீலச் சீருடையில? கத்தரிக்கோல் வச்சுக்கிட்டு?"

"இருந்தாங்க. நல்ல மனுஷி. எல்லாம் விதாரிச்சாங்க. நானும் எல்லாத்தையும் தொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

"நம்ம தட்டம். மூணு பெருமூச்சு. நீ கதவை அறையறது..."

கையடக்கம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, அவங்கதான் அவரோட அக்கா. அவரை வளர்த்ததே அவங்கதான். அன்னிக்கு அந்த வீட்ல சிரிச்சாங்கன்னு சொன்னேனே, கையில எடுத்த உருண்டையைத் தட்டுல போட்டுட்டு, தம்பியை எழுப்பிக் கூட்டிட்டு வந்தது அவங்க. அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. அவங்க சரின்னு சொன்னாத்தான் மேற்கொண்டு எதுவும்."

"அவங்க ஏதாவது சொன்னாங்களா?" என்றாள் மனைவி.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றாங்க."

"வந்து?"

"அதே தூப் வைக்கணுமாம். தூடா."

மூவரும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். மதியச் சூப் சட்டி அடுப்பின் மேல் இன்னும் மூடியோடு இருந்தது.

அகராதியார் கடைசியாகக் குடித்த தண்ணீர் எப்போதோ உள்ளே போயிருந்தது. வாயில் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் தொண்டை ஒருமுறை, சத்தமாக, ஏறி இறங்கியது.

மனைவி பார்த்துவிட்டாள். மூடி வைத்த பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.